மணிக்கட்டுக்குள் ஒரு பொய்

அத்தியாயம் 2

"கையைப் பாருங்க மதாம், நல்லாப் பாருங்க!"

மஹ்ரூஸ் தன் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தார். போர்ட் சயீத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவரின் கை. தேர்ந்த தொழிலாளி என்பதால் ஊரே அவரை உஸ்தா என்று கூப்பிடும். உள்ளங்கை அகலம், விரல்கள் தடி. நடுக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது.

"கப்பல்ல இருந்து பெட்டியைத் தூக்கி லாரி மேல வச்சேன்னா, லாரிக்காரன் தூக்கம் கலையாது. அப்பேர்ப்பட்ட கை. இதுல நரம்பு நசுங்கிப்போச்சுன்னு எவனோ படம் எடுத்துக் காட்டியிருக்கான்!"

"எவனோ இல்ல உஸ்தா. படத்துல உங்க பேரு, உங்க அட்டை நம்பரு," என்றான் ஷலபி, பூசணி விதையைக் கொறித்துக்கொண்டே. "கை ஒண்ணுதான் வேற யாருதோ. மத்ததெல்லாம் கரெக்டா இருக்கு."

"வாயை மூடிக்கிட்டு ஜன்னலைத் திற," என்றார் ராவியா.

ஷலபி திறந்தான். ராவியாவுக்கு அவன் உதவியாளன், வண்டி ஓட்டுநர், டீ போடுகிறவன், கேட்காமலே கருத்துச் சொல்கிறவன், எல்லாம் அவனே. ராவியா பல வருஷம் சுங்கத்தில் அதிகாரியாக இருந்துவிட்டு, மேலதிகாரியோடு சண்டை போட்டு வெளியே வந்து, தனியாகத் துப்புத் துலக்கப் பலகை மாட்டியவர். மூடின பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தால் உள்ளே என்ன கடத்தல் சரக்கு என்று சொல்லிவிடுவார் என்று துறைமுகத்தில் இன்றைக்கும் பேச்சு உண்டு. அவர் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். கறுப்பும் சாம்பலுமாகக் கோடுகள். மஹ்ரூஸின் கண்ணுக்கு அது மழைநாளின் கால்வாய், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். சரக்குக் கம்பெனி தன் தொழிலாளிக்கு ஒரு வைத்திய அட்டை தருகிறது. அவன் ஒருவனுக்குத்தான். மஹ்ரூஸின் அட்டையைக் காட்டி யாரோ ஸ்கேன் சென்டரில் மணிக்கட்டு நரம்பைப் படம் எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட் கம்பெனிக்குப் போயிற்று. இரண்டு கையிலும் நரம்பு கெட்டவனைக் கிரேனில் எப்படி ஏற்றுவது என்று அவரைக் கீழே இறக்கிவிட்டார்கள். மஹ்ரூஸ் குதியாய்க் குதித்தார். மறுபடி படம் எடுங்கள் என்றார். எடுத்தார்கள். நரம்பு சுத்தமாக இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டவருக்கு அங்கேதான் வினையே ஆரம்பித்தது. முதல் படத்தில் இருப்பது உன் கை இல்லையென்றால் பின்னே யாருடைய கை? அட்டையை யாருக்குக் கொடுத்தாய்? அட்டையைக் கடன் கொடுத்தவன் கிரேனை மறந்துவிட வேண்டியதுதான். நாளைக் காலை விசாரணை. பேரைச் சொல்லாவிட்டால் வாசல் கூண்டில் உட்கார்ந்து லாரிக்குச் சீட்டுக் கிழிக்க வேண்டும், வேலையை விட்டுப் போகிற நாள் வரைக்கும்.

"எனக்குத் தெரியும் யாருன்னு. துஸூக்கிதான். அடுத்த கிரேன்காரன். என் கிரேன்தான் துறைமுகத்துலயே பெருசு, அது மேல அவனுக்கு ரொம்ப நாளாக் கண்ணு. குளியலறையில சட்டையைக் கழட்டி மாட்டும்போது அட்டையைத் தூக்கியிருக்கான். காபிக்கடையில நேத்து அவன் மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டேன்."

"என்னன்னு கேட்டீங்க?"

மஹ்ரூஸ் கொஞ்சம் தயங்கினார். "திருட்டுப்பயலேன்னு கேட்டேன்."

"கடையில ஆள் இருந்தாங்களா?"

"ஷிஃப்ட் மாறற நேரம். எல்லாரும்தான் இருந்தாங்க."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. டீக்குக் காசை வச்சுட்டு எழுந்து போயிட்டான். குத்தம் செய்யாதவன் அப்படிப் போவானா?"

ராவியா படத்தை மேசையில் வைத்தார். "துஸூக்கி எந்தக் கையால எழுதுவார்?"

"இடது கையால. சாப்பிடறதுகூட மறந்தாப்புல அந்தக் கையாலதான் ஆரம்பிப்பான், நாங்க கிண்டல் பண்ணுவோம். ஏன்?"

"இங்க ரெண்டு மணிக்கட்டும் இருக்கு உஸ்தா. ரிப்போர்ட்டுல எழுதியிருக்கு, வலது ரொம்ப மோசம், இடது பரவாயில்லன்னு. வேலை செஞ்சு வேலை செஞ்சு தேஞ்ச கை இது. இடது கைக்காரனுக்கு வலது கை முதல்ல ஏன் தேயணும்?"

"வழக்கு முடிஞ்சுது," என்றான் ஷலபி. "டீ போடட்டுமா?"

மஹ்ரூஸுக்குக் காது மடல் சூடாயிற்று. நேற்று காபிக்கடையில் தாயக்கட்டைச் சத்தம் சட்டென்று நின்றுபோனது நினைவுக்கு வந்தது. "அவனே வரணும்னு என்ன? ஆள் வச்சு அனுப்பியிருப்பான்," என்றார். சொல்லும்போதே அது நொண்டுகிறது என்று அவருக்கே தெரிந்தது.

"இருக்கலாம். வாங்க, படத்தைப் படிச்சவரைப் பார்ப்போம்."

ஸ்கேன் சென்டரின் பின்பக்கம் ஒரு இருட்டு அறை. அங்கே டாக்டர் லமீ ஜிர்ஜிஸ் மூன்று திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நோயாளியை அவர் பார்ப்பதே இல்லை. பெண்களுக்குக் காலையில் ஒரு பெண்ணும், ஆண்களுக்குச் சாயங்காலம் ஒரு ஆணும் படம் எடுத்து அனுப்புவார்கள். இவர் படிப்பார்.

"ஆளைப் பார்த்தா கதை சொல்லிக் கண்ணைக் கெடுத்துடுவாங்க," என்றார் டாக்டர். "நரம்பு கதை சொல்லாது. இதோ பாருங்க, மணிக்கட்டைக் குறுக்கே பார்க்கற படம். கரும்பைக் குறுக்கே வெட்டினா புள்ளி புள்ளியா இருக்குமில்ல? நல்ல நரம்பு அப்படித்தான் இருக்கணும். இதுல புள்ளியே தெரியல. ஊறிப்போய்க் கறுத்துக் கிடக்கு."

"ஏன் ஊறணும்?" என்றார் ராவியா.

"மணிக்கட்டுல ஒரு கெட்டிப் பட்டை இருக்கு. நரம்பு அதுக்கு அடியிலதான் நுழைஞ்சு போகணும். விரலை மடக்கி மடக்கி, மணிக்கட்டைத் திருகித் திருகி வேலை செஞ்சா அந்த இடம் இறுகிடும். நரம்பு நுழையற வாசல்ல நசுங்கி, வாசலுக்கு முன்னாடி வீங்கிடும். இதே நரம்பை மேல முன்னங்கையில பாருங்க, ஒல்லியா, அழகா இருக்கு. அப்ப வியாதி நரம்புல இல்ல, வாசல்லதான். பட்டையை வெட்டி விட்டா சரியாயிடும். சின்ன ஆபரேஷன்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "இந்தக் கை யாருதுன்னு நீங்க கண்டுபிடிச்சா, சீக்கிரம் வரச் சொல்லுங்க. பெருவிரல் அடியில சதை கரைய ஆரம்பிச்சிருக்கு. இன்னும் விட்டா ஊசியில நூல் கோக்க முடியாது, சட்டைக்குப் பித்தான் போட முடியாது."

"யாரா இருந்தா என்ன, திருடனுக்கு நல்லா வேணும்," என்றார் மஹ்ரூஸ்.

டாக்டர் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி திரைக்குத் திரும்பினார். "ரெண்டு கையிலயும் இருக்கே, கழுத்துலயும் ஏதாவது அழுத்துதான்னு பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னேன். அது நடக்கல. பெரிய காந்தம், உலோகம் எதுவும் உள்ள போகக் கூடாதுன்னு இங்க கண்டிப்பு. இடது கைத் தங்க மோதிரம் கழலவே இல்லையாம், விரல் வீங்கியிருந்துதாம். வெட்டி எடுத்துடலாம்னு சொன்னதும் ஆள் பயந்து ஓடிப் போனதாம். பாவம், கல்யாண மோதிரம்."

பேசிக்கொண்டே டாக்டர் தன் விரலில் இருந்த மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். ராவியா திரையை விட்டுவிட்டு அந்த விரலையே பார்த்தார்.

"டாக்டர், அந்த மோதிரத்துல உங்களுக்கு ஒண்ணும் வித்தியாசமாத் தோணலையா?"

"என்ன தோணணும்? மஹ்ரூஸ்னு ஒரு ஆம்பளை, கல்யாணமானவரு, இடது கையில தங்க மோதிரம். எனக்கும்தான் இருக்கு."

ஷலபியின் வாய் அசைவது நின்றது. "டாக்டர்… நீங்க சர்ச்சுக்குப் போறவரு."

"அதனால? மஹ்ரூஸ்ங்கற பேரு எங்க ஆளுங்கள்ளயும் எத்தனை பேருக்கு இருக்கு!"

"இந்த மஹ்ரூஸ் மசூதிக்குப் போறவரு," என்றான் ஷலபி. "உஸ்தா, கையைக் காட்டுங்க."

மஹ்ரூஸ் காட்டினார். வெள்ளி மோதிரம். "எங்க ஆம்பளைங்க தங்கம் போட மாட்டோம் டாக்டர். ஹராம். அந்தத் துஸூக்கி தங்கம் போட்டான்னா அவன் அம்மாவே விரலை ஒடிச்சிடுவா."

டாக்டர் தன் மோதிரத்தைப் பார்த்தார், மஹ்ரூஸின் மோதிரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "அட ஆண்டவரே! அப்ப இது பொம்பளை கையா?"

"கல்யாணமான பொம்பளை கை," என்றார் ராவியா. "நிச்சயம் மட்டும் ஆகியிருந்தா மோதிரம் வலது கையில இருக்கும்."

மஹ்ரூஸ் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. "அப்பவே சொன்னேனே! பொண்டாட்டியை அனுப்பியிருக்கான்! துஸூக்கி பொண்டாட்டி!"

"துஸூக்கிக்கு இன்னும் கல்யாணம் ஆகல உஸ்தா," என்றான் ஷலபி. "இப்பத்தான் ஒரு இடம் பேசிக்கிட்டிருந்தாங்களாம். நேத்து நீங்க காபிக்கடையில பேசினதோட அதுவும் நின்னிருக்கும்."

அதைச் சிரிக்காமல் சொன்னான். மஹ்ரூஸ் மறுபடி உட்கார்ந்துவிட்டார். ஒரு மனுஷனைச் சபையில் வைத்துத் திருடன் என்று சொல்லிவிட்டு, இப்போது இல்லாத பொண்டாட்டியையும் திருடியாக்கப் பார்த்தோமே என்று அவருக்கு உடம்பு கூசியது.

காலை நேரம் பெண்களுக்குத்தான் என்பதால் ஸ்கேன் அறைக்கு முன்னால் பச்சைத் திரை தொங்கிக்கொண்டிருந்தது. ராவியா மட்டும் உள்ளே போனார். வெளியே பெஞ்சில் மனைவிகளையும் சகோதரிகளையும் கூட்டிவந்த ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளிருந்து படம் எடுக்கிற பெண்ணின் குரல் அவ்வப்போது வந்தது. "உம்மு ஹுதைஃபா, வாங்கம்மா." "உம்மு மாஸின், நீங்க அடுத்து." வெளியே அந்நிய ஆண்கள் இருக்கும்போது ஒரு குடும்பப் பெண்ணின் பேரைச் சத்தமாகச் சொல்வது அங்கே மரியாதை இல்லை. மூத்த மகன் பேரைச் சொல்லி அவன் அம்மா என்று கூப்பிட்டால் போதும்.

"எனக்கு ஒண்ணு புரியல," என்றார் மஹ்ரூஸ். "அட்டை ஆம்பளை பேருல. வந்தது பொம்பளை. கவுண்டர்ல இருந்தவங்க கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

"வீட்டுக்கு ஒரு அட்டைன்னா வீடே அதுலதான் வைத்தியம் பார்க்கும் உஸ்தா. கவுண்டர்காரப் பொண்ணும் வீட்டுல இருந்துதானே வருது? நம்பரை அடிச்சுட்டு, பாவம் போங்கம்மான்னு அனுப்பிடும். எங்க மாமா அட்டையில எங்க அத்தைக்குப் பித்தப்பையே எடுத்தாங்க. கம்பெனி ரிக்கார்டுல மாமாவுக்குத்தான் பித்தம் கிடையாது. ஆளைப் பார்த்தா நம்ப மாட்டீங்க."

பக்கத்தில் இருந்தவர் களுக்கென்று சிரித்தார். மஹ்ரூஸ் சிரிக்கவில்லை. "என் வீட்டுல அந்தப் பேச்சே கிடையாது. என் வீட்டுப் பொம்பளைக்கு நான் என் காசுல வைத்தியம் பார்ப்பேன்."

திரை விலகியது. ராவியா வெளியே வந்தார். உள்ளே போகும்போது இருந்த சுறுசுறுப்பு இப்போது நடையில் இல்லை.

"ஷலபி, வண்டியை எடு."

"துப்புக் கிடைச்சுதா மதாம்?"

"எடுன்னேன்."

அவன் போனபின் ராவியா பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உஸ்தா, உங்க மூத்த பையன் பேரு என்ன?"

"ஜியாத். சூயஸ்ல வேலை பார்க்கறான். ஏன்?"

"உள்ள இருக்கற பொண்ணுக்கு அந்த அம்மா பேரு தெரியாது. முகம் ஞாபகம் இருக்கு. உம்மு ஜியாத்னு கூப்பிட்டுத்தான் படம் எடுத்தாங்களாம்."

மஹ்ரூஸுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "இந்த ஊர்ல எத்தனை ஜியாத்! தெருவுக்கு நாலு ஜியாத்!"

"ஆமா," என்றார் ராவியா. "நானும் அதையேதான் சொன்னேன். அப்புறம், அந்த அம்மாவுக்கு என்ன உபாதைன்னு கேட்டேன். ராத்திரியில கை மரத்துப் போயிடுமாம். எழுந்து உதறினாத்தான் திரும்ப உயிர் வருமாம். பக்கத்துல படுத்திருக்கறவருக்குத் தூக்கம் கெடுது, திட்டறாருன்னு கூடத்துக்குப் போய் உதறிட்டு வருவாங்களாம். கண்ணாடி டம்ளர் கையில நிக்கறதே இல்லன்னு சொல்லி அழுதாங்களாம்."

"என்னடி கோழி மாதிரி சிறகடிச்சுக்கிட்டு! மனுஷன் காலையில கிரேன் ஏற வேணாமா?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டே கத்தியது மஹ்ரூஸின் குரல்தான். மகள் ஷைமாவின் கல்யாணத் தேதியைப் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த அன்று மனைவியின் கையிலிருந்து டீத் தட்டு கீழே விழுந்தபோது, "கையில வெண்ணெயைத் தடவிக்கிட்டா வந்தே?" என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிப்பு மூட்டியதும் அவர்தான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கும்போது இரண்டு கையாலும் சேர்த்துத்தான் ஒவ்வொன்றையும் எடுத்தாள். அதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இதே கட்டடத்தில், கொஞ்ச நேரம் முன்னால், திருடனுக்கு நல்லா வேணும் என்று சொன்ன வாயும் இதுதான்.

"வீட்டுக்குப் போகணும்," என்றார்.

வீடு பூட்டியிருந்தது. அவர் காபிக்கடையில் இருக்க வேண்டிய நேரம் அது. எதிர்ப் போர்ஷன் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பெண்கள் பேச்சும், ரேடியோவும், பச்சைக் காய்கறி வாசமும். மஹ்ரூஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கதவைத் தள்ளினார்.

தரை முழுக்கச் சுரைப்பிஞ்சு. ஒரு பக்கம் மலையாகக் குவிந்த முழுப் பிஞ்சுகள், இன்னொரு பக்கம் உள்ளே குடைந்து சோறு அடைக்கத் தயாராக வைத்த கூடுகள். ஹோட்டல்களுக்கும் பெரிய கடைகளுக்கும் மஹ்ஷி செய்யக் கொடுப்பது. மூன்று பெண்கள் சப்பணமிட்டு உட்கார்ந்து குடைந்துகொண்டிருந்தார்கள். நடுவில் அவர் மனைவி. இடது கையில் பிஞ்சு, வலது கையில் குடைகிற கம்பி. குத்தி, திருகி, இழுத்து, மறுபடி குத்தி, திருகி. பெருவிரலுக்குப் பிடி போதாமல் கம்பியைத் துணியால் உள்ளங்கையோடு கட்டியிருந்தாள்.

அவரைப் பார்த்ததும் ரேடியோவை யாரோ நிறுத்தினார்கள். மற்ற இருவரும் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள் அறைக்குள் போனார்கள். அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். கட்டை அவிழ்க்காமல் கையை ஊன்ற முடியவில்லை.

"எவ்வளவு நாளா?" என்றார்.

"ஷைமாவுக்கு நிச்சயம் ஆனதுல இருந்து." அவள் துணி முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டே பேசினாள். "ஏங்க, சத்தம் போடாதீங்க. அவங்க காதுல விழும்."

அவர் சத்தம் போடவில்லை. ஷைமாவின் சீர் முழுக்க அவர் கண்ணுக்குள் வந்து நின்றது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பீங்கான் செட்டு, போர்வைகள். ஒவ்வொன்று வந்து இறங்கியபோதும் அவர் காபிக்கடையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "நம்ம சம்பளத்துல அல்லா பரக்கத் வச்சிருக்கான்ப்பா. அதே சம்பளம்தான், எடுக்க எடுக்க வருது. பொம்பளையை வேலைக்கு அனுப்பற வீட்டுல இந்தப் பரக்கத் வராது." தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். எத்தனை பேரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

"ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அந்த ஃபிரிட்ஜ் வந்த அன்னைக்கு. உங்க சம்பளத்துல மிச்சம் பிடிச்சு வாங்கினேன்னு நீங்களா நினைச்சுக்கிட்டு, ஊரெல்லாம் கூட்டி வந்து காட்டினீங்க. உங்க முகம் அன்னைக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல." முடிச்சு அவிழ்ந்தது. "அட்டையை நீங்க தூங்கும்போது எடுத்தேன். தப்புதான். இப்படி உங்க சோத்துலயே கை வைக்கும்னு எனக்குத் தெரியாது. நாளைக்கு நானே வந்து சொல்லிடறேன். தூங்கறவர் சட்டையில இருந்து திருடினேன்னு. உண்மைதானே?"

திருடினேன் என்ற சொல்லை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். மஹ்ரூஸுக்கு அங்கே நிற்க முடியவில்லை. படிக்கட்டுக்கு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ராவியாவும் ஷலபியும் கீழ்ப்படியில் இருந்தார்கள். எல்லாம் அவர்கள் காதிலும் விழுந்திருந்தது.

"மதாம், நான் உங்களைத் தேடி வந்ததே தப்பு."

"எல்லாரும் கடைசியில அதைத்தான் சொல்வாங்க," என்றார் ராவியா. "கேளுங்க உஸ்தா. கம்பெனிச் சட்டம் எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாம அவங்க எடுத்தாங்கன்னா உங்க கிரேன் உங்களுக்கு. உங்க மேல குத்தம் இல்ல. ஆனா அவங்க மேல போலீஸ்ல எழுதிக் குடுப்பாங்க, ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவாங்க. நீங்களே குடுத்தீங்கன்னா அவங்களை யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. கிரேன் போயிடும்."

"எது உண்மையோ அதைச் சொன்னா நான் தப்பிச்சேன். அதானே?"

"அதான்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"உண்மையைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குக் கூலி. அதை வச்சு என்ன செய்யறதுன்னு சொல்றதுக்கு இல்ல."

ஷலபி வண்டியை எடுக்கக் கீழே இறங்கிப் போனான்.

மறுநாள் விசாரணை அறையில் ஐந்து பேர். நடுவில் தலைவர், ஒரு பக்கம் கம்பெனி டாக்டர், மறுபக்கம் எழுதிக்கொள்கிற குமாஸ்தா. பழி சுமந்தவன் என்ற முறையில் துஸூக்கியையும் கூப்பிட்டிருந்தார்கள். அவன் ஜன்னல் ஓரம், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, மஹ்ரூஸைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். மனைவியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, சொன்னால் கேட்க மாட்டாள் என்பதால் கதவையும் வெளியே பூட்டிவிட்டுத்தான் மஹ்ரூஸ் வந்திருந்தார்.

"படத்துல இருக்கறது யார் கை?" என்றார் தலைவர்.

"என் மனைவி கை."

குமாஸ்தாவின் பேனா நின்றது. டாக்டர் நிமிர்ந்தார்.

"அவங்க உங்களுக்குத் தெரியாம எடுத்தாங்களா, நீங்களே குடுத்தீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மஹ்ரூஸ். உங்க கிரேன் இதுலதான் இருக்கு."

தலைவர் நல்ல மனுஷன். தெரியாம எடுத்தாங்க என்ற பதிலை வாயிலேயே ஊட்டிவிடப் பார்த்தார். மஹ்ரூஸ் மேசைமேல் வைத்த தன் கைகளைப் பார்த்தார். மேலே ஏறி உட்கார்ந்தால் ஊரே காலுக்குக் கீழே தெரியும். அந்த இருக்கையை அவர் எவ்வளவு விரும்பினார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

"நான்தான் குடுத்தேன்."

"என்னது?"

"அவளுக்குக் கை முடியல. எங்க வீட்டுச் செலவுக்காக அடுத்த வீட்டுல உட்கார்ந்து சுரைப்பிஞ்சு குடைஞ்சு கெட்டுப்போன கை. என் பொண்ணு சீர் பாதிக்கு மேல அந்தக் கை சம்பாதிச்சது. அட்டையை நான்தான் எடுத்துக் குடுத்து, போய்ப் படம் எடுன்னு அனுப்பினேன்."

தலைவரின் முகம் மாறியது. நல்லெண்ணம் போய், அருவருப்பு வந்தது. "அப்ப எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் எங்ககிட்ட நடிச்சீங்களா? தெரிஞ்சுக்கிட்டேதான் இந்தத் துஸூக்கியைக் காபிக்கடையில வச்சுத் திருடன்னு சொன்னீங்களா?"

இதை மஹ்ரூஸ் யோசித்திருக்கவில்லை. ராத்திரி முழுக்க விழித்திருந்தும் இந்த ஒன்று அவர் புத்திக்கு எட்டவில்லை. கோபத்தில் தப்பாக நினைத்தேன் என்று துஸூக்கியிடம் சொல்லிக்கொள்ள ஒரு வழி இருந்தது. அவளைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்த வழியையும் அடைத்துவிட வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பினார். துஸூக்கி இப்போது அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா," என்றார். "தெரிஞ்சேதான் சொன்னேன். அவன் எதுவும் செய்யல. எங்க வச்சுச் சொன்னேனோ அங்கேயே போய் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேக்கறேன். ஷிஃப்ட் மாறற நேரத்துல."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் ஒருநாளும் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு நிற்கிறோம், ஆனால் செய்த குற்றங்களை இங்கே யாரும் கேட்கப் போவதில்லை என்று தோன்றியது. கோழி மாதிரி சிறகடிக்கிறாய் என்று சொன்னதற்கு எந்தக் குழு விசாரணை வைக்கும்?

"கிரேன் கிடையாது. நாளையில இருந்து வாசல் கூண்டு," என்றார் தலைவர். "எழுதிக்கய்யா. மனைவி பேரு?"

அறையில் ஆண்கள் மட்டும்தான். கல்யாணமான நாளிலிருந்து வெளி ஆண்கள் முன்னால் அவர் வாயில் வராத பேர். வீட்டுல என்பார், ஜியாத் அம்மா என்பார். குமாஸ்தாவே கூச்சப்பட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"இன்ஸாஃப்," என்றார் மஹ்ரூஸ், எல்லாருக்கும் கேட்கும்படி. "இன்ஸாஃப் அப்துல் மவ்லா."

கையெழுத்துப் போட்டு முடித்து வராந்தாவுக்கு வந்தபோது ராவியாவும் ஷலபியும் தள்ளி நின்றார்கள். துஸூக்கி தொப்பியை மாட்டிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனான். நாலு எட்டுப் போய் நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை.

"சர்க்கார் ஆஸ்பத்திரியில கை டாக்டர் ஞாயித்துக்கிழமைதான் வருவாரு," என்றான். "காலையிலேயே கூட்டிட்டுப் போயிடு. அப்புறம் கூட்டம் சேர்ந்துடும்."

துஸூக்கி படியிறங்கிப் போகிற வரைக்கும் மஹ்ரூஸ் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.